தமிழ் தெரியாத நாய்

நாயைத் தென்னை மூட்டில்தான் புதைத்தார்கள். அந்தப் பக்கத்து வழக்கம் அது. செத்த நாயை வாய்க்காலில் எறிந்தால் நாறும். தென்னைக்கு அடியில் போட்டால் காய் பிடிக்கும். முத்திருளன் மண்வெட்டியால் ஆழமாகக் குழி வெட்டி, உப்பைக் கொட்டி, சாக்கோடு சேர்த்து இறக்கி மூடிவிட்டுக் கை கால் கழுவிக்கொண்டு வந்தார். மனுஷன் கெட்டவர் இல்லை. மண்ணைத் தள்ளும்போது "பாவம், வாயில்லாச் சீவன்" என்றுகூடச் சொன்னார். அவர் பொண்டாட்டி பாண்டியம்மாள்தான் மறுநாள் காலையில் அந்த மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ரெண்டு வருசமா குரும்பையாவே கொட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. இனிமே பாரு காய்ப்ப" என்றாள்.

மருமகள் கனகலட்சுமி கொல்லையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். காதில் விழத்தான் செய்தது. கையிலிருந்த இட்லிக்கொப்பரையைக் கீழே வைத்துவிட்டு, கரிபடிந்த விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அந்த நாய்க்கு வாயில்லைதான். காது இருந்தது. ஆனால் அந்தக் காதுக்குத் தமிழ் தெரியாது.

சிரிக்காதீர்கள். மேலூரிலிருந்து திருவாதவூர் போகிற ரோட்டோரத்தில், நாலு தலைமுறையாக நெல்லைத் தவிர வேறொன்றும் விதைக்காத ஒரு சம்சாரி வீட்டில், தமிழ் தெரியாத நாய் ஒன்று வளர்ந்தது என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். வளர்த்தவளுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

கனகலட்சுமி மதுரை முனிச்சாலைப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். சௌராஷ்டிரக் குடும்பம், ஊர் வாயில் பட்டுநூல்காரர்கள். அப்பா சௌரிராஜனுக்குச் சின்னதாக ஒரு சாயப்பட்டறை. தெருவில் தமிழ், கடையில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தமிழ். செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படி ஏறிவிட்டால் தங்கள் பாஷை. கோபம், கொஞ்சல், வயிற்றுவலி எல்லாம் அந்த வீடுகளில் அதில்தான் நடக்கும். அந்தப் பட்டறைக்கு நூல்பொதி ஏற்ற டாடா ஏஸ் ஓட்டிக்கொண்டு வந்தவன் ஜெயபாண்டி. வந்தவன் பொதியை மட்டும் ஏற்றவில்லை. அழகர்கோயிலில் வைத்துத் தாலி கட்டி, பட்டுச் சேலை கசங்காமல் அதே வண்டியில் முன்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிவந்துவிட்டான்.

மகன் இப்படிச் செய்துவிட்டானே என்று பாண்டியம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்த கையோடு மூக்கைச் சிந்திவிட்டு, "பேரு என்ன சொன்ன?" என்றாள்.

"கனகலட்சுமி."

"கனகலட்சுமியா? எங்க சின்னாத்தா மகளுக்கும் அதே பேருதேன். நல்லதாப் போச்சு. பேரு நம்ம பேராட்டமே இருக்கு." அந்த நேரத்திலேயே அவளுக்கு யோசனை உருவாகிவிட்டது. "இந்தா பாரு புள்ள. எவ கேட்டாலும் திண்டுக்கல் பக்கம், நம்ம ஆளுகதேன், தாய் தகப்பன் கெடையாதுன்னு சொல்லிரு. எனக்கு ஒரு பொட்டப்புள்ள இருக்கா. அவள ஒரு எடத்துல ஒப்படைக்கிற வரைக்கும் ஒம் பாசைய வாய்க்குள்ளயே வச்சுக்க."

"அம்மா அப்பா நல்லா இருக்காங்களே அத்தை."

"இருக்கட்டும். நூறு வருசம் இருக்கட்டும். நீ சொல்லாத, அம்புட்டுத்தேன்."

அவ்வளவுதான். உயிரோடு இருக்கிற அம்மா அப்பாவைச் சாகடித்துவிட்டுக் கனகலட்சுமி அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தாள். அந்தப் பக்கமும் அப்படித்தான். முனிச்சாலை வீட்டில் அவளுக்காகத் தலை முழுகிவிட்டார்கள் என்று ஜெயபாண்டியே கேள்விப்பட்டு வந்து சொன்னான். அண்ணன் சாய்குமாருக்குப் போன் போட்டால் எடுப்பான், இவள் குரலைக் கேட்டதும் ஒன்றும் பேசாமல் வைத்துவிடுவான். பிறகு அந்த நம்பரும் போகவில்லை.

மனுஷருக்குச் சோறு இல்லாமல் கொஞ்சநாள் ஓட்டலாம். பேச ஆளில்லாமல் ஓட்ட முடியுமா? தமிழ் அவளுக்கு நன்றாகத்தான் வரும். ஆனால் காலில் முள் குத்தினால் வாயில் வருவது அதுவல்லவே. வந்ததை விழுங்கி விழுங்கி, ஒருநாள் மாட்டுக்கொட்டத்தில் சாணி அள்ளும்போது மாட்டிடமே பேசிவிட்டாள். பாண்டியம்மாள் எட்டிப் பார்த்து, "யாருகிட்டடி?" என்றாள். "சும்மா பாட்டு அத்தை" என்றாள்.

அப்புறம்தான் நாய் வந்தது. மேலூர் சந்தைக்கு வெளியே, தக்காளிப் பெட்டிக்குள் கிடந்த குட்டியை ஜெயபாண்டி சும்மா தூக்கிக்கொண்டு வந்து அவள் மடியில் போட்டான். ரவாகேசரி நிறம். பேரும் அதுவே ஆயிற்று, கேசரி. வீட்டில் மற்றவர்களுக்கு அது நாய்தான். "ஏ நாயே", "சீ நாயே", "அந்தாப் போகுது பாரு நாயி". நெல் காயும் சாக்கில் காலை வைத்தால் விளக்குமாறு. அடுப்படிக்குள் மூக்கை நீட்டினால் அகப்பை. ஆக, அந்த நாயைப் பொறுத்தவரை தமிழ் என்றால் அடி. யாராவது தமிழில் சத்தம் போட்டால் போதும், காதை மடக்கி, வாலை உள்ளே விட்டு, இருந்த இடத்திலேயே தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும். அடி விழுந்து முடியட்டும் என்று கண்ணை மூடிக்கொள்ளும்.

கொட்டத்துக்குப் பின்னால் கனகலட்சுமி "ஆவ்" என்பாள். வா என்று அர்த்தம். மெதுவாகத்தான் சொல்வாள், கொட்டாவி விடுகிற மாதிரி. எங்கே இருந்தாலும் பாய்ந்துகொண்டு வரும். வந்தால் முகத்தை அவள் முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்கும். என்னதான் சொல்வாளோ, மாமியார் சொன்னது, மாதவிலக்கு தள்ளிப்போய்ப் பின் வந்தது, கனவில் அப்பா சாயத்தொட்டியருகே நின்றது, எல்லாவற்றையும் கேட்கும். பிள்ளை இல்லாத குறைக்கு நாயைக் கொஞ்சுகிறாள் என்று ஊர் பேசியது. ஊருக்கு என்ன தெரியும், மண்ணாங்கட்டி. அவள் கொஞ்சியது நாயை இல்லை. தன் வாயில் இருந்ததைச் சாகாமல் வைத்திருந்தாள்.

நாத்தனார் முத்துச்செல்வியைப் பெண் பார்க்கக் கொட்டாம்பட்டியிலிருந்து வருகிறார்கள் என்று முடிவானது. மாப்பிள்ளை மின்வாரியத்தில் வேலை. பாண்டியம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. முதல்நாளே மருமகளைக் கூப்பிட்டாள்.

"நாளைக்கு அந்த வடைய போடு புள்ள. முள்ளுமுருங்கக் கீர அரைச்சுப் போடுவியே, அது. வாரவுக வாய் பேசக்கூடாது."

பார்த்தீர்களா கூத்தை. பாஷை ஆகாது, வடை மட்டும் ஆகும்.

"சரி அத்தை."

"அப்பறம், அந்த நாயப் பின்னாடி கட்டிப் போட்டுரு. அதுகிட்ட மொணமொணன்னு பேசுறத நாளைக்கு ஒருநா நிப்பாட்டிக்க. அந்தம்மா மதுரையில வேல பாத்தவளாம், பாம்புச்செவியாம். என் மக வாழ்க்க ஒன் வாயிலதேன் இருக்கு தாயி."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது பாண்டியம்மாளுக்குக் குரல் கம்மியது. அது நடிப்பில்லை. அதனால்தான் கனகலட்சுமிக்கு அது நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் நல்ல வெயில். அறுப்பு முடிந்த வயலிலிருந்து வைக்கோல் வாசனை அடித்தது. வேன் வந்து ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் புளியமரத்து நிழலில் நின்றது. முத்திருளன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போக, பாண்டியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு "வாங்க, வாங்க" என்று வாயெல்லாம் பல்லாக நிற்க, வெற்றிலைத் தட்டோடு கனகலட்சுமி அவளுக்குப் பக்கத்தில் நின்றாள். எதிரில் இறங்கியவர்களில் ஒருவர் கையில் வழியில் வாங்கிய நெய் இனிப்புப் பொட்டலமா, வேறென்னவோ, வாசனை இந்தப் பக்கம் வந்துவிட்டது. பின்பக்கம் கட்டியிருந்த கயிறு எப்போது அவிழ்ந்ததோ, கேசரி எல்லோர் காலுக்குள்ளும் நுழைந்து ரோட்டுக்கு ஓடியது.

நட்டநடு ரோட்டில் போய் நின்றது. நின்று, திரும்பி இவளைப் பார்த்தது. திருவாதவூர்ப் பக்கமிருந்து எம்சாண்ட் ஏற்றிய டிப்பர் வந்துகொண்டிருந்தது.

"ஆவ்" என்று தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. பாண்டியம்மாளின் முழங்கை லேசாக இடித்தது. வேண்டுமென்றே இடித்தாளா, பதற்றத்தில் பட்டதா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். கனகலட்சுமி வாயைத் திறந்தாள்.

"ஏய்! வா! இங்க வா!" என்று கத்தினாள்.

தமிழில் கத்தினாள். பெருஞ்சத்தமாகக் கத்தினாள். அந்தக் குரலிலிருந்து அப்படி ஒரு சத்தத்தை அந்த நாய் அதுவரை கேட்டதில்லை. இவளுமா என்பதுபோல ஒரு பார்வை பார்த்தது. பிறகு காதை மடக்கி, வாலை உள்ளே விட்டு, ரோட்டோடு ரோடாகப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

டிப்பர்க்காரன் பிரேக் அடித்தான். அடித்து என்ன செய்ய?

"அடடா, நாயா? போகட்டும், நம்ம மேல வர இருந்தது அதோட போச்சு" என்றார் வேனிலிருந்து இறங்கிய பெரியவர் ஒருவர். முத்திருளன் ஓடிப்போய் ஒரு சாக்கைப் போட்டு மூடி ஓரமாக இழுத்துவைத்தார். ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். நல்ல காரியத்துக்கு வந்தவர்கள், நாய்க்காகத் திரும்பிப் போவார்களா?

கனகலட்சுமி அடுப்படிக்குள் போனாள். எண்ணெய் காய்ந்து புகைந்துகொண்டிருந்தது. மாவைத் தட்டிப் போட்டாள். கை பாட்டுக்கு வேலை செய்தது. முத்துச்செல்வி பட்டுச்சேலையும் தலைநிறையப் பூவுமாக வாசலில் வந்து நின்று, "மதினி" என்றாள். வேறு என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. "பூ விழுகுது, சரியா வையி" என்றாள் கனகலட்சுமி.

வடைத்தட்டை நீட்டியபோது மாப்பிள்ளையின் அம்மா ஒரு கடி கடித்துவிட்டு நிமிர்ந்தாள். "இது பட்டுநூல்காரவுக போடுற வடையில்ல? மதுரையில எங்க பக்கத்து வீட்டுல போடுவாக. நீ எந்த ஊரும்மா?"

பாண்டியம்மாளின் முகத்தில் ரத்தமே இல்லை. ஜெயபாண்டி சுவரைப் பார்த்தான்.

"திண்டுக்கல் பக்கங்க" என்றாள் கனகலட்சுமி. "நம்ம ஆளுகதேன்."

தேன் என்று அந்த ஊர்க்காரி மாதிரியே இழுத்துச் சொன்னாள். அந்தம்மாளுக்குத் திருப்தியாகிவிட்டது. "கண்ணு ஏன் செவந்திருக்கு?"

"அடுப்புப் பொகை."

சம்பந்தம் முடிவாகிவிட்டது. தட்டு மாற்ற நாள் பார்த்துவிட்டு வேன் கிளம்பியது. அந்த வேன் புளியமரத்தைத் தாண்டிய பிறகுதான் முத்திருளன் மண்வெட்டியை எடுத்தார்.

அதற்கப்புறம் கனகலட்சுமி அழவில்லை. வேலையையும் விடவில்லை. பேச்சுத்தான் சுருங்கிப்போனது. கேட்டால் ஊம், கொடுத்தால் சாப்பாடு. பழங்கஞ்சியில் ஒரு கை எடுத்துத் தனியாக வைப்பாள், பிறகு ஞாபகம் வந்து அதை மாட்டுத்தொட்டியில் கொட்டுவாள். கொட்டத்துக்குப் பின்னால் போய் நின்று வாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. கேட்க ஆளில்லாத இடத்தில் எந்த வார்த்தைதான் வரும்?

"நாயி செத்ததுக்குக் கருமாதி வைக்கணும்போல இருக்கே" என்றாள் பாண்டியம்மாள், பக்கத்து வீட்டு இசைவாணியிடம். "நல்ல காரியம் கூடிவந்திருக்க வீட்டுல இவ மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு அலையுறா."

"ஒரு குட்டியப் புடிச்சுக் குடுங்கக்கா. சரியாப் போயிரும்" என்றாள் இசைவாணி.

ஜெயபாண்டி புத்தியிலும் அதேதான் ஓடியது. ஒருநாள் மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே பேச்சை எடுத்தான்.

"வெள்ளரிப்பட்டியில நம்ம சேக்காளி வீட்டுல குட்டி போட்டிருக்காம். இதே நெறந்தேன். எடுத்துட்டு வரவா கனகு?"

"வேணாம்."

"எம்புட்டு நாளைக்கு இப்படி இருப்ப? நாயின்னா சாகத்தேன் செய்யும். வண்டியில அடிபடாத நாயி எது?" கொஞ்சம் நிறுத்தினான். பிறகு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "நானும் அன்னைக்கே கேக்கணும்னு இருந்தேன். நீ ஒங்க பாசையில கூப்பிட்டிருக்கலாம்ல? வந்திருக்கும்ல?" என்றான்.

ரசம் ஊற்ற வந்தவள் கரண்டியைச் சட்டியிலேயே போட்டாள்.

"கூப்பிட வேணாம்னு சொன்னது யாரு?"

"அது... அம்மா சொன்னா, பொதுவாச் சொல்றது. அதுக்காக அந்நேரத்துலயுமா? உயிரு போகுறப்ப எவன் பாசையப் பாத்தான்?"

"நீங்க பாத்தீங்க. எல்லாரும் பாத்தீங்க. நாலு வருசமாப் பாத்துக்கிட்டே இருந்தீங்க. கொட்டத்துல பேசுனா யாருகிட்டன்னு கேட்டீங்க. போன்ல பேச ஆளில்லன்னு தெரிஞ்சும் ஒருநா, ஒரேஒருநா, எங்க பாஷையில ஒரு வார்த்தை சொல்லிக்குடுன்னு கேட்டீங்களா? நான் ஒங்க பாஷையில தேனு, அம்புட்டுன்னு எல்லாம் கத்துக்கிட்டேனே."

"இப்ப என்ன, நாந்தேன் நாயக் கொன்னேங்கிறியா?"

"இல்ல" என்றாள் கனகலட்சுமி. "நாந்தேன் கொன்னேன். அது என்னத்தேன் பாத்துச்சு. நான் ஒங்களுக்குப் பயந்துக்கிட்டு ஒங்க மாதிரியே கத்துனேன். அடிக்கத்தேன் போறேன்னு படுத்துக்கிச்சு."

ஜெயபாண்டி பாதிச் சோற்றில் கையைக் கழுவினான். அவனுக்கு வருத்தம்தான். ஆனால் வருத்தப்படுகிற மாதிரி இருக்க அவனுக்குத் தெரியாது. வாசலில் போய் வண்டி டயரைக் காலால் எத்திப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் பின்னாலேயே வந்தாள்.

"நான் எங்கம்மாவப் பாத்துட்டு வாரேன்."

"ஏத்துக்குவாகளா?"

"ஏத்துக்கவெல்லாம் வேணாம். நாயி செத்துப்போச்சுன்னு யார்கிட்டயாவது ஒருதடவ சொல்லணும். தமிழ்ல சொன்னா அது செத்த மாதிரியே இல்ல."

"நான் வண்டியில கொண்டுபோயி விடவா?"

"அந்த வண்டி வேணாம்."

மேலூரில் பஸ் ஏறி மாட்டுத்தாவணியில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் முனிச்சாலை. வழிநெடுக அவள் அந்த ஒரு வாக்கியத்தையே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். உச்சரிப்பு மறந்துபோயிருக்குமோ என்று பயம். சந்துக்குள் நுழைந்ததும் ஜன்னலுக்கு ஜன்னல் அந்தப் பாஷை கேட்டது. யாரோ பிள்ளையைத் திட்டினார்கள், யாரோ போனில் சிரித்தார்கள். உடம்பெல்லாம் சிலிர்த்தது அவளுக்கு. இங்கேதானே இருந்தது எல்லாம், நான் எங்கே போய்த் தேடினேன் என்று நினைத்தாள்.

வாசலில் கோலம் பாதி அழிந்திருந்தது. அம்மாவே வந்து கதவைத் திறந்தாள். தலை நன்றாக நரைத்துவிட்டது. கையில் பால்சோறு பிசைந்த கிண்ணம். மகளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பார்த்தது யாரை என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

கனகலட்சுமி தங்கள் பாஷையில் சொன்னாள்: அம்மா, என் நாய் செத்துப்போயிற்று.

அம்மா கிண்ணத்தை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு தமிழில் கேட்டாள்.

"யாரும்மா நீங்க?"

சாயம் கேட்டு வருகிற வியாபாரியிடமும், மீட்டர் பார்க்க வருகிறவனிடமும், வழி கேட்கிறவர்களிடமும் பேசுகிற தமிழ். வாசற்படிக்கு வெளியே நிற்கிறவர்களுக்கான தமிழ்.

நான்தானம்மா, என்று தங்கள் பாஷையில் மறுபடியும் சொன்னாள். நான் கூப்பிடவில்லையம்மா, கூப்பிட்டிருந்தால் வந்திருக்கும், என்று என்னென்னவோ சொன்னாள். அழுகை வந்துவிட்டது. அந்த அழுகைக்குத்தான் அவள் அத்தனை தூரம் வந்தாள்.

"நீங்க பேசுறது எனக்குப் புரியல" என்றாள் அம்மா, தமிழிலேயே. "வீட்டுல ஆம்பளைங்க இல்ல. எங்களுக்கு ஒரு பொண்ணு இருந்துச்சு. அதுக்குத் தலை முழுகியாச்சு. தப்பான வீட்டுக்கு வந்துட்டீங்க. போயிட்டு வாங்க."

நீங்க. வாங்க. பெற்றவள் வாயிலிருந்து அத்தனை மரியாதை.

கனகலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். படி இறங்கினாள். செருப்பை மாட்டிக்கொண்டு நாலடி நடந்திருப்பாள்.

"ஆவ்."

பின்னாலிருந்து கேட்டது. மெதுவாக, கொட்டாவி விடுகிற மாதிரி. அம்மா குரல்தான். கனகலட்சுமி சடாரென்று திரும்பினாள். செருப்பை உதறிவிட்டு ஓடிவந்து ஒரு காலைப் படியில் வைத்தும்விட்டாள்.

எதிர்வீட்டு ஸ்கூட்டருக்கு அடியிலிருந்து கறுப்பு நாய் ஒன்று சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்து வந்தது. இவள் சேலையை உரசிக்கொண்டு படியேறி உள்ளே போனது. அம்மா இவளைப் பார்க்கவில்லை. கதவைச் சாத்தினாள்.

உள்ளே கிண்ணம் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. அம்மாவின் பேச்சு கேட்டது, தங்கள் பாஷையில். எங்கே போய்ச் சுற்றிவிட்டு வருகிறாய், இப்படி இளைத்துப் போய்விட்டாயே, சாப்பிடு, மெதுவாகச் சாப்பிடு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நாயிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். படியில் நின்ற கனகலட்சுமிக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது.